ஆர்ப்பாட்டத்தில் ஒலி ஆயுதம் திரும்பினால்: திருமலைக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

கண்ணீர்ப்புகை அடித்தால் என்ன செய்வது என்று இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஈரத்துணி, கண்ணைக் கசக்காதே, காற்று வரும் பக்கமாகப் போ. 2022 போராட்டங்களுக்குப் பிறகு இலங்கை முழுக்க அது பொது அறிவாகிவிட்டது. ஆனால் சத்தத்தையே ஆயுதமாக்கி உங்கள் பக்கம் திருப்பினால்? பெரும்பாலானவர்கள் காதைப் பொத்திக்கொண்டு அதே இடத்தில் குந்திவிடுவார்கள், இல்லாவிட்டால் நேராகப் பின்பக்கம் ஓடுவார்கள். காதைப் பொத்துவது சரி. நேராகப் பின்னால் ஓடுவது வீண், ஏனென்றால் ஓடும் தூரம் முழுக்க நீங்கள் அந்தச் சத்தத்துக்குள்தான் இருப்பீர்கள். பக்கவாட்டில் விலக வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அதை வையுங்கள்: குறுக்காக விலகு, ஒரு மூலைக்குப் பின்னால் போ.

ஏன் அப்படி என்பதற்கு முதலில் இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி யேமனின் ஏடன் துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலான யூஎஸ்எஸ் கோல் மீது ஒரு சிறு படகில் வந்து தற்கொலைத் தாக்குதல் நடத்தினார்கள். நெருங்கி வரும் படகைத் தூரத்திலேயே கூப்பிட்டு எச்சரிக்க ஒரு கருவி வேண்டும் என்ற தேவை அதற்குப் பிறகுதான் பெரிதாக எழுந்தது. அமெரிக்காவின் சான் டியேகோவில் இருந்த ஒரு நிறுவனம் அதற்காகச் செய்ததுதான் எல்ராட், அதாவது நெடுந்தூர ஒலிக்கருவி. 2005இல் சோமாலியாக் கடலில் சீபோர்ன் ஸ்பிரிட் என்ற உல்லாசக் கப்பலைக் கொள்ளையர் துரத்தியபோது அதை எதிர்த்துப் பயன்படுத்தியதில் இதன் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. ஏடன் வளைகுடா வழியாகப் போகும் கப்பல்களில் வேலை செய்த நம்மூர்க்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், இந்தக் கருவியை நேரில் பார்த்திருப்பார்கள்.

கடலில் இருந்து தெருவுக்கு வர அதிக காலம் எடுக்கவில்லை. 2009 செப்டெம்பரில் பிட்ஸ்பேர்க் நகரில் ஜி20 மாநாட்டுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் அமெரிக்கப் பொலிஸார் இதைத் திருப்பினார்கள். அங்கே பார்வையாளராகப் போன ஒரு பேராசிரியைக்கு நிரந்தரமாகக் காது பாதித்தது. அவர் வழக்குப் போட, 2012இல் நகர நிர்வாகம் 72,000 டொலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 2010இல் டொரொன்டோ ஜி20க்கு முன்பே அங்கத்தைய நீதிமன்றம் இந்தக் கருவியின் காதைக் குத்தும் எச்சரிக்கை ஒலியைப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. 2014 டிசெம்பரில் நியூயோர்க்கில் பயன்படுத்தியது பெரிய வழக்காகி, ஒலியும் அளவுமீறிய பலப்பிரயோகம் ஆகலாம் என்று 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2021இல் அந்த வழக்கு சமரசமானபோது, அந்த எச்சரிக்கை ஒலியை இனிப் பயன்படுத்துவதில்லை என்று நியூயோர்க் பொலிஸ் ஒப்புக்கொண்டது.

கடைசியாகப் பெரிதாகப் பேசப்பட்டது செர்பியா. 2025 மார்ச் 15ஆம் திகதி பெல்கிரேட்டில், ரயில் நிலையக் கூரை இடிந்து இறந்தவர்களுக்காகப் பல்லாயிரம் பேர் மௌன அஞ்சலியில் நின்றபோது, திடீரென்று கூட்டம் இரண்டாகப் பிளந்து சிதறியது. ஏதோ ஒன்று தங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது போல இருந்தது என்று அங்கு நின்றவர்கள் சொன்னார்கள். அரசாங்கம் முதலில் அப்படி ஒரு கருவியே தங்களிடம் இல்லை என்றது, பிறகு இருக்கிறது, ஆனால் பயன்படுத்தவில்லை என்றது. அன்று நடந்தது என்ன என்ற சண்டை இன்னும் தீரவில்லை. ஏப்ரல் இறுதியில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அன்று பயன்படுத்தியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லாமலே, கூட்டத்தைக் கட்டுப்படுத்த இப்படியான கருவிகளைப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளும்படி செர்பியாவுக்கு இடைக்கால உத்தரவு போட்டது. இந்தக் கதையில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது

கோயில் ஸ்பீக்கர் சத்தத்தை எல்லாப் பக்கமும் இறைக்கும். எல்ராட் டோர்ச் லைட் மாதிரி, ஒரு பக்கமாகத்தான் அடிக்கும். தட்டையான ஒரு பரப்பில் நிறையச் சிறு ஒலிபெருக்கிகளை அடுக்கி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அதிர வைப்பதால், முன்பக்கம் ஏறத்தாழ 30 பாகை அகலத்தில் சத்தம் குவிகிறது. அந்தக் கூம்புக்கு வெளியே வந்தால் சத்தம் சட்டென்று குறையும், தட்டின் பின்பக்கம் இன்னும் குறைவு. இயக்குகிற பொலிஸ்காரர் பக்கத்திலேயே நிற்கக்கூடியதாக இருப்பது அதனால்தான்.

இதில் இரண்டு வேலை உண்டு. ஒன்று பேச்சு, அதாவது "கலைந்து போங்கள்" என்று அறிவிப்பது. மற்றது எச்சரிக்கை ஒலி, கீச்சென்று காதைக் குத்தும் சைரன் போன்றது. அந்த ஒலி பெரும்பாலும் 2 முதல் 3 கிலோஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். மனிதக் காதுக் குழாய் தன் அமைப்பாலேயே 3 கிலோஹேர்ட்ஸை ஒட்டிய சத்தத்தைக் கூட்டிக் காட்டும், குழந்தை அழுவது நமக்கு எவ்வளவு இரைச்சலிலும் கேட்பது அதனால்தான். அந்தப் பலவீனமான இடத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள்.

பார்க்க எப்படி இருக்கும்? கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் வட்டமான அல்லது எண்கோணமான தடித்த தட்டு, ஜீப் கூரையிலோ முக்காலியிலோ பொருத்தியிருக்கும். ஒருவர் தோளில் தொங்கவிடக்கூடிய 7 கிலோ அளவான சின்னதும் உண்டு. சாதாரண ஒலிபெருக்கிக்கு வாய் விரிந்திருக்கும், இதற்கு முகம் தட்டை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளை இங்கேயே கழித்துவிடுவோம். வயிற்றைக் கலக்கிக் கழிய வைக்கும் தாழ் ஒலி, மூளைக்குள் குரல் அனுப்பும் கருவி, இதயத்தை நிறுத்தும் அலை, இதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. மொஸ்கிட்டோ என்று ஒரு பிரித்தானியச் சாதனம் உண்மையாகவே உண்டு, 17 கிலோஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒலித்து இளம் வயதினருக்கு மட்டும் கேட்டு எரிச்சலூட்டும். அது கடைவாசலில் பையன்கள் கூடாமல் இருக்க வைப்பது, நம் விஷயம் அல்ல.

நம் விஷயத்தில் உண்மையாகச் சேர வேண்டியது அதிர்ச்சிக் குண்டு. பளீரென்ற வெளிச்சத்தோடு வெடிக்கும் அது அருகில் 170 டெசிபெல்லைத் தாண்டும். என்னைக் கேட்டால் எல்ராட்டை விட நான் பயப்படுவது இதற்குத்தான். எல்ராட் ஒலிக்கத் தொடங்கினால் விலக உங்களுக்குச் சில விநாடியாவது கிடைக்கும். குண்டுக்கு அதுவும் இல்லை.

கொஞ்சம் கணக்கு

டெசிபெல் கணக்கு நம் வழக்கமான கூட்டல் கழித்தல் இல்லை. 3 கூடினால் சத்தத்தின் சக்தி இரு மடங்கு. வேலைத்தளங்களுக்கு அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது: 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 100இல் 15 நிமிடம், 115இல் அரை நிமிடம்கூட இல்லை. கண நேர வெடிச்சத்தத்துக்கு 140 தான் உச்ச எல்லை.

வாகனத்தில் பொருத்தும் பெரிய எல்ராட் ஒன்று ஒரு மீற்றரில் 153 டெசிபெல் வரை போகும் என்று தயாரித்தவர்களே போட்டிருக்கிறார்கள். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 குறையும் என்று வைத்தால், 32 மீற்றரில் 123, 64 மீற்றரில் 117, 128 மீற்றரில் 111. மேலே சொன்ன அளவுகோலில் இதை வைத்துப் பார்த்தால், 32 மீற்றரில் வெறுங்காதோடு நாலைந்து விநாடி, 64இல் 18 விநாடி அளவு, 128இல் ஒரு நிமிடம் சொச்சம். இது வெட்டவெளிக்கான தோராயக் கணக்கு, சுவர்களுக்கு நடுவே இன்னும் மோசம்.

இப்போது ஓட்டத்தை யோசியுங்கள். 32 மீற்றரில் நிற்கும் ஒருவர் நேராகப் பின்னால் ஓடி இன்னொரு 32 மீற்றர் போனால் அவருக்குக் குறைந்தது வெறும் 6 டெசிபெல். கூட்ட நெரிசலில் அந்த 32 மீற்றரைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? அதே ஆள் பக்கத்தில் ஒரு பத்து மீற்றர் நகர்ந்தால் கூம்பின் விளிம்புக்கு வந்துவிடுவார், ஒரு கடைச்சுவருக்குப் பின்னால் போனால் அதைவிட நிறையக் குறையும். 2.5 கிலோஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 14 சென்ரிமீற்றர் அளவுதான். அவ்வளவு குட்டை அலை பேஸ் சத்தம் மாதிரி மூலையைச் சுற்றி வளைந்து வராது. ஒரு பஸ், ஒரு லொறி, ஒரு மதில், எதுவும் நல்ல மறைவு.

போகும் முன்: இடத்தை நடந்து பாருங்கள்

திருமலை டவுன் ஒரு ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச்பே, பேக்பே என்று கடல். அதாவது பல இடங்களில் ஒரு பக்கத்துக்கு வழியே இல்லை. காந்தி சிலையடியில், 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட அந்தக் கடற்கரையோரத்தில், வருடா வருடம் நினைவேந்தல் நடக்கிறது. அங்கே நிற்கும்போது ஒரு பக்கம் திறந்த மணல், ஒளிய ஒரு சுவர் கிடையாது. அதனால் அப்படியான இடத்தில் கூட்டம் கடலுக்கு முதுகு காட்டி நிற்காமல், டவுன் பக்கத்து ஒழுங்கைகளின் வாய்க்குக் கிட்ட நிற்பது நல்லது. எந்த ஒழுங்கை அடுத்த தெருவுக்குப் போகிறது, எது யாருடைய வீட்டு கேட்டில் முடிகிறது என்று முதல் நாளே நடந்து பாருங்கள். முட்டு ஒழுங்கைக்குள் நூறு பேர் ஓடினால் சத்தத்தை விட நெரிசல்தான் ஆளைக் கொல்லும்.

கல்மதில், கொங்கிறீட் கட்டடம் முன்னால் நிற்பது இன்னொரு பிழை. முன்னால் இருந்து வரும் ஒலி பின்சுவரில் பட்டுத் திரும்பி இரண்டாம் முறையும் உங்கள் மேல் விழும். கோட்டை மதில் பக்கமோ, செயலகக் கட்டடங்களின் உயரச் சுவர் பக்கமோ கவனயீர்ப்புப் போராட்டம் வைக்கும்போது, சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. படத்துக்கு அழகு, காதுக்குக் கூடாது. சுவரின் முனைக்குக் கிட்ட நின்றால் அதே சுவர் இரண்டு எட்டில் மறைவாக மாறும்.

காற்றும் கணக்கில் வரும். ஒலி காற்றடிக்கும் திசையில் நிலத்தோடு வளைந்து தூரம் போகும், எதிர்க்காற்றில் மேலே தூக்கப்பட்டுவிடும். பின்னேரம் ஆறிய பிறகு தண்ணீருக்கு மேலால் சத்தம் எவ்வளவு தெளிவாகப் போகும் என்று உட்துறைமுகக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே இரவு விளக்கேந்திய போராட்டத்தில், கரையோரத்தில், நூறு மீற்றர் தள்ளி நிற்கிறோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்.

யார் எங்கே நிற்பது

நம் போராட்டங்களில் பாதிப்பேர் வயதான அம்மாக்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நிலத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை முன்வரிசையில் இருந்து எழும்பச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அந்த இடம் அவர்களுடையது. ஆனால் நடுவில் அல்லாமல் ஓரத்தில், நிழலும் ஒழுங்கையும் இருக்கும் பக்கத்தில் இருத்தலாம், ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு இளம் ஆளை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். "இந்த அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவது நீ" என்று பேர் சொல்லிப் பொறுப்புக் கொடுக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

காது கேட்கும் கருவி போட்டிருப்பவர்கள், எச்சரிக்கை ஒலி தொடங்கினால் கருவியை நிறுத்திவிட வேண்டும், அதன் மேலே காதைப் பொத்தவும் வேண்டும். கைக்குழந்தையோடு வருபவர்களைத் தயவுசெய்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று, மொழி. எல்ராட்டின் பேச்சு அறிவிப்பு சிங்களத்தில் மட்டும் வரக்கூடும். அதை விளங்கிச் சொல்லக்கூடிய ஒருவர் ஏற்பாட்டாளர்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஏனென்றால் எச்சரிக்கை ஒலிக்கு முன் அறிவிப்பு வந்தால், அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

என்ன வாங்குவது

நுரையில் செய்த இயர் பிளக். பாதுகாப்புச் சாமான் விற்கும் ஹார்ட்வெயார் கடைகளிலோ பெரிய பார்மசியிலோ தேடுங்கள், மலிவான சாமான். பெட்டியில் 32 டெசிபெல் குறைக்கும் என்று போட்டிருந்தால் தெருவில் 15 முதல் 25 கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதைச் சரியாகப் போடுவதில்லை. கால்வாசி உள்ளே போய், முக்கால்வாசி வெளியே தொங்கும் பிளக் அலங்காரம்தான்.

போடும் முறை: கையைத் துடைத்து, பிளக்கை விரல்களுக்கு நடுவே உருட்டி ஒல்லியாக்குங்கள். வலக்காதுக்கு என்றால் இடக்கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்ச் செவிமடலை மேலேயும் பின்னேயும் இழுத்துப் பிடியுங்கள், குழாய் நேராகும். உள்ளே தள்ளி, விரலால் ஒரு அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள், நுரை விரிந்து அடைக்கும். உங்கள் சொந்தக் குரல் பானைக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாகப் போயிருக்கிறது. வீட்டில் இதைச் செய்து பழகுங்கள். கலவரத்தில் முதல்முறையாகச் செய்து பார்க்கும் வேலை அல்ல இது.

இப்போது மேலே போட்ட கணக்குக்குத் திரும்புங்கள். 32 மீற்றரில் 123. பிளக் 20 குறைத்தால் 103. நாலைந்து விநாடி ஏழு நிமிடமாகிறது. விலகிப் போக அது தாராளம், நின்று தாக்குப்பிடிக்க அல்ல.

அதற்கு மேலே தலையில் மாட்டும் இயர் மஃப் போட்டால் கூடுதலாக 5 முதல் 10 வரைதான் குறையும், இரண்டின் எண்ணையும் கூட்டக் கூடாது. அதற்கு மேல் எதைப் போட்டாலும் சத்தம் மண்டையோட்டு எலும்பு வழியாகவே உள்ளே போய்விடும். பஞ்சு ஏறத்தாழப் பயனில்லை. சத்தத்தை ரத்துச்செய்யும் என்று விற்கும் விலைகூடிய ஹெட்போன் விமானப் பயணத்துக்கு நல்லது, இதற்கு நம்ப வேண்டாம். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் கொஞ்சம் உதவும், ஆனால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆர்ப்பாட்டத்தில் நின்றால் பொலிஸாரின் கண்ணில் நீங்கள் வேறு ஆளாகத் தெரிவீர்கள், அது உங்கள் முடிவு.

கையில் ஒன்றுமே இல்லையா? ஆட்காட்டி விரலால் காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தை உள்ளே அமத்தி இறுக்கி அடையுங்கள். உள்ளங்கையால் பொத்துவதை விட இது நல்லது, சரியாக அடைத்தால் நுரைப் பிளக்குக்குக் கிட்ட வரும். ஒரே குறை, இரண்டு கையும் போய்விடும். ஓடும்போது விழுந்தால் ஊன்ற கை இருக்காது.

எப்போது போடுவது என்றும் கேட்பார்கள். தொடக்கத்தில் இருந்தே அடைத்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை, அறிவிப்பும் கேட்காது, பின்னால் வரும் வாகனமும் கேட்காது. ஒரு கயிறில் கோத்த பிளக்கைக் கழுத்தில் தொங்கவிடுங்கள். தட்டையான முகம் உங்கள் பக்கம் திரும்பினாலோ, பொலிஸார் தாங்கள் காதுமூடி மாட்டத் தொடங்கினாலோ உடனே போடுங்கள். இரண்டாவதுதான் நம்பகமான அறிகுறி.

ஒலி தொடங்கிவிட்டது

காதை அடை. தலையைத் திருப்பித் தட்டு எங்கே என்று ஒரு முறை பார். எந்தப் பக்க ஓரம் கிட்டவோ அந்தப் பக்கம் குறுக்காக நட. ஓட வேண்டாம், நட. கூட்டத்தில் ஒருவர் ஓடினால் பின்னால் நூறு பேர் ஓடுவார்கள்.

எல்லோர் காதும் அடைத்திருப்பதால் கத்துவதில் பயனில்லை, கைச்சைகை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். கையை உயர்த்தி இடப்பக்கமோ வலப்பக்கமோ நீட்டினால் அந்தப் பக்கம் விலகு, இரு கையையும் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தால் யாரோ விழுந்துவிட்டார்கள். இவ்வளவு போதும், பதினைந்து சைகை கண்டுபிடித்தால் யாருக்கும் நினைவிருக்காது.

மூலைக்குப் பின்னால் போன பிறகும் அங்கேயே நிற்காதீர்கள். வாகனத்தில் இருக்கும் தட்டை ஒரு நிமிடத்தில் நகர்த்திவிடுவார்கள். இன்னொரு தெரு தள்ளிப் போங்கள். தட்டிப் பலகை, பிளைவூட் பதாகை கையில் இருந்தால் முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கலாம், சிறிது குறையும். துணிப் பதாகையால் ஒன்றும் ஆகாது.

தலை சுற்றல், குமட்டல், தள்ளாட்டம் வரலாம், சமநிலையைப் பார்க்கும் உறுப்பும் உட்காதில்தான் இருக்கிறது. அப்படி இருப்பவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றாதீர்கள், அவர் ஓட்டவே கூடாது. ஓட்டோ பிடியுங்கள்.

அதிர்ச்சிக் குண்டு விஷயம் வேறு. காதுக்குள் ஒரு சின்னத் தசை பெரிய சத்தத்துக்கு இறுகிப் பாதுகாக்கும், ஆனால் அதற்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். குண்டு அதற்கு முன்பே வெடித்து முடிந்துவிடும். எனவே புகைக்குண்டோ வேறு எதுவோ உருண்டு வருவதைக் கண்டால் என்னவென்று ஆராயாமல் முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணை மூடி, காதைப் பொத்தி, விலகுங்கள். காலால் உதைப்பது, எடுத்துத் திருப்பி எறிவது எல்லாம் வீடியோவில் வீரமாகத் தெரியும். வெடித்தால் விரல் போகும்.

பிறகு: முதல் மூன்று நாள்

காதில் ரீங்காரம், பஞ்சு அடைத்தது போன்ற மந்தம், இவை இரண்டும் பலருக்கு ஓரிரு நாளில் அடங்கும். அடங்கியதால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஒரு காதுக்கு 15,000 அளவுதான், செத்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள்: காதில் இருந்து இரத்தமோ தண்ணீரோ வருபவர்கள், ஒரு காது முழுக்கக் கேட்காமல் போனவர்கள், தலைசுற்றல் நிற்காதவர்கள், தலையிலும் அடிபட்டவர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மற்றவர்கள் மறுநாளும் ரீங்காரமோ மந்தமோ இருந்தால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய்க் காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு கிழமை பார்ப்போம், தானாகச் சரியாகும் என்று தள்ளிப் போடாதீர்கள். திடீர்ச் செவிப்புலன் இழப்புக்கு ஸ்டீரொயிட் மருந்து கொடுப்பதா என்று வைத்தியர் யோசிப்பார், அது எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது, நாட்கள் போகப் போகப் பலன் குறையும்.

வீட்டில் அம்மம்மா பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருப்பார். அன்போடு மறுத்துவிடுங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய், வெங்காயச் சாறு, பார்மசியில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து எல்லாமே கேடு. காதுக்குள் தண்ணீர் போகவும் கூடாது, உப்புவெளிக் கடலில் குளிப்பது வைத்தியர் சொல்லும் வரை வேண்டாம். மூக்கைப் பலமாகச் சீறாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். சில நாட்களுக்கு ஹெட்போன், கலியாண வீட்டு டிஜே, கோயில் வெடி எல்லாவற்றில் இருந்தும் காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

செவிப்புலன் பரிசோதனை ஒன்று செய்து அறிக்கையை வாங்கி வையுங்கள். அடிக்கடி முன்வரிசையில் நிற்பவர், படம் எடுக்கும் ஊடகவியலாளர் என்றால், ஒன்றும் நடக்காத காலத்திலேயே ஒரு பரிசோதனை செய்து வைத்திருப்பது புத்தி. முன்பு எப்படிக் கேட்டது என்ற தாள் இல்லாமல் இப்போது குறைந்துவிட்டது என்று நிரூபிப்பது கஷ்டம்.

பதிவும் முறைப்பாடும்

பெல்கிரேட் பாடம் என்று சொன்னேனே, அது இதுதான். கூட்டம் சிதறுவதை எத்தனையோ பேர் படம் பிடித்திருந்தார்கள். சிதற வைத்தது எது என்பதில்தான் இழுபறி. ஆகவே ஓடுகிற மக்களை மட்டும் எடுக்காமல் கருவியை எடுங்கள்: எந்த வாகனம், அதன் இலக்கம், தட்டு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, பின்னால் அடையாளம் காணக்கூடிய கட்டடம், நேரம். போனில் இருக்கும் டெசிபெல் செயலியின் எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம், இவ்வளவு பெரிய சத்தத்துக்கு முன்பே போன் மைக் அதன் உச்சத்தைத் தொட்டுவிடும், எண் குறைவாகத்தான் காட்டும். நீங்கள் நின்ற இடத்தை மறுநாள் போய்க் காலடியால் அளந்தாலும் அது அதைவிட நல்ல சான்று. காதை அடைத்து விலகிய பிறகுதான் இதெல்லாம், படத்துக்காகக் கூம்புக்குள் நிற்க வேண்டாம்.

வைத்தியசாலையில் "காதில் வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஆர்ப்பாட்டத்தில், எத்தனை மணிக்கு, எந்தச் சத்தத்துக்குப் பிறகு தொடங்கியது என்று சொல்லி, அதைக் குறிப்பில் எழுதும்படி கேளுங்கள். பொலிஸ் நடவடிக்கையால் வந்த காயம் என்றால் சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும் என்றும் சொல்லலாம். மருந்துச் சீட்டு, கிளினிக் புத்தகம் எல்லாவற்றையும் படம் எடுத்து இன்னொருவர் போனிலும் வையுங்கள்.

அமைதியாக ஒன்றுகூடும் உரிமை அரசியலமைப்பின் 14(1)(ஆ) உறுப்புரையில் இருக்கிறது. நீதவான் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின் கீழ் தடையுத்தரவு கொடுத்திருந்தால் நிலைமை மாறும், அதனால் முதல்நாளே சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு வையுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட 126ஆம் உறுப்புரை கொடுக்கும் காலம் ஒரே ஒரு மாதம். காது ஒரு மாதத்தில் சரியாகிவிடும், பிறகு பார்ப்போம் என்று இருந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996, திருமலையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டின் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியோடு முத்திரை குத்தி வாங்காமல் அலுவலகப் படியை விட்டு இறங்காதீர்கள்.